சிவப்புப் புள்ளிகளை நம்பிச் சேமநிதியை எடுக்காதீர்கள்

பப்பிள் டீ கடை எடுக்கப் போகிறேன் என்று என் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் விரித்துக் காட்டுவது ஒரு வரைபடத்தைத்தான். கம்பெனிக்காரன் கொடுத்த வழவழப்பான புத்தகத்தின் நடுப்பக்கம். கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்கச் சிவப்புப் புள்ளி, பினாங்கில் ஒரு கொத்து, ஜொகூரில் ஒரு கொத்து. ஒரு புள்ளி ஒரு கடை. "பாருங்க தம்பி, இத்தனை கடை ஓடுது. நட்டம்னா திறப்பானா?"

போன வாரமும் ஓர் அண்ணன் இதையே கேட்டார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், 55 வயதில் எடுத்த இ.பி.எஃப் (ஊழியர் சேமநிதி) பணம் கையில். முன்பணம் கட்டிவிட்டு, ரசீதோடு ஆலோசனை கேட்க வந்திருந்தார். கணக்காளனிடம் கட்டுவதற்கு முன்னால் வர வேண்டும், அண்ணே. கட்டிய பிறகு வந்தால் நான் ரசீதைப் படித்துக் காட்டத்தான் முடியும்.

நட்டம் என்றால் திறப்பானா? திறப்பான். அவன் காசில் திறந்தால்தானே யோசிப்பான்.

இதை நான் எத்தனை முறை சொன்னாலும் யாருக்கும் ஏறுவதில்லை, அதனால் இங்கே விரிவாகவே எழுதுகிறேன். பப்பிள் டீயும் ஐஸ்கிரீமும் விற்கும் மிக்ஸ்யூ கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். 1997ல் சீனாவின் ஜெங்ஜோ நகரில் தொடங்கியது. 2018ல் ஹனோயில் முதல் வெளிநாட்டுக் கடை. 2024 செப்டம்பரில் 45,000 கடைகளைத் தாண்டி, எண்ணிக்கையில் மெக்டொனால்ட்ஸையே முந்தியது. 2025 மார்ச்சில் ஹாங்காங் பங்குச் சந்தைக்கு வந்த முதல் நாளே பங்கு விலை 40 விழுக்காட்டுக்கு மேல் ஏறியது. அருமையான கம்பெனி, சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கடைகளில் 99 விழுக்காட்டுக்கும் மேல் ஃபிரான்சைஸ், அதாவது கம்பெனியின் பெயரை உரிமத்தில் வாங்கி வேறு ஒருவர் தன் காசில் நடத்தும் கடை. கம்பெனியின் வருமானத்தில் 95 விழுக்காட்டுக்கும் மேல் எங்கிருந்து வருகிறது தெரியுமா? ஃபிரான்சைஸ் எடுத்தவர்களுக்குப் பால் மாவு, சர்க்கரைப் பாகு, கப், இயந்திரம் விற்பதிலிருந்து. நீங்களும் நானும் வரிசையில் நின்று கொடுக்கும் காசு கடைக்காரருக்குப் போகிறது. கம்பெனியைப் பொறுத்தவரை வாடிக்கையாளர் அந்தக் கடைக்காரர்தான். அதாவது, நாளைக்கு நீங்கள்.

அப்படியானால் புதிதாக ஒரு சிவப்புப் புள்ளிக்கு என்ன அர்த்தம்? கம்பெனிக்கு இன்னொரு வாடிக்கையாளர் கிடைத்துவிட்டார் என்று அர்த்தம். அந்தக் கடை லாபம் பார்க்கிறதா என்பதற்கு வரைபடத்தில் பதில் கிடையாது. உங்கள் கடைக்கு எதிர்வரிசையிலேயே இன்னொன்று திறந்தால் உங்கள் விற்பனை பாதியாகலாம். கம்பெனிக்கோ இரண்டு கடைக்கும் சேர்த்து முன்பைவிட அதிகச் சரக்கு போகும்.

இதற்கு மறுபக்கம் நயூகி என்ற இன்னொரு சீனப் பப்பிள் டீ கம்பெனி. பெரிய பெரிய மால்களில் தன் சொந்தக் காசில் கடை வைத்து வளர்ந்த கம்பெனி. 2021 ஜூனில் ஒரு பங்கு 19.80 ஹாங்காங் டாலர் என்று பங்குச் சந்தைக்கு வந்தது, முதல் நாளே சரிந்தது. 2024ல் மட்டும் 90 கோடி யுவானுக்கு மேல் நட்டம். வாடகையும் சம்பளமும் தன் கணக்குப் புத்தகத்திலேயே ஏறியதால் நட்டம் ஊருக்கே தெரிந்தது. அவர்களும் 2023ல் ஃபிரான்சைஸ் பக்கம் திரும்பிவிட்டார்கள். ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்று பார்ப்பது வேறு விஷயம், அது உபயோகமானது. கூமிங் என்ற பப்பிள் டீ கம்பெனி சீனாவின் செஜியாங் மாநிலத்தில் தொடங்கி, நெடுங்காலம் பெய்ஜிங், ஷாங்காய் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. தனக்குத் தெரிந்த மாநிலங்களிலும் சிறு நகரங்களிலும் நெருக்கமாகக் கடை வைத்தது. அதன் கடைகளில் முக்கால்வாசி கிடங்கிலிருந்து 150 கிலோமீட்டருக்குள். பழமும் பாலும் குளிர்பதன லாரியில் இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்துவிடும். அப்படி நெருங்கி இருந்தால் கடைக்காரருக்கும் கொஞ்சம் நன்மை உண்டு. நம் ஆள்களோ நெருக்கத்தைப் பார்த்தாலே "மார்க்கெட் பெரிசு" என்று நினைக்கிறார்கள். கிடங்கு எங்கே என்று இதுவரை என்னிடம் வந்த யாரும் கம்பெனியைக் கேட்டதில்லை.

பெரிய கம்பெனிக்கே தூரத்தில் சறுக்குகிறது. 2025ன் முதல் பாதியில் மிக்ஸ்யூவின் மொத்தக் கடைகள் 53,000ஐத் தாண்டின. அதே ஆறு மாதத்தில் சீனாவுக்கு வெளியே இருந்தவை 4,895லிருந்து 4,733ஆகக் குறைந்தன. இந்தோனேசியாவிலும் வியட்நாமிலும் இருந்த கடைகளைச் சீர்செய்கிறோம் என்றது கம்பெனி. சரி, சீர்செய்யப்பட்ட கடைகளின் முதலீடு யாருடையது?

இன்னொன்று, பெயரே கைவிட்டுப் போகலாம். நம் மலேசியாவில் நடந்ததை மறந்துவிட்டீர்களா? 2017 ஜனவரியில் தைவானின் லா காஃபா நிறுவனம், இங்கே அதன் சாடைம் பப்பிள் டீ கடைகளை நடத்திய லூப் ஹோல்டிங்கின் உரிமத்தை ரத்து செய்தது. அடுத்த மாதமே 165 கடைகளில் 161 கடைகள் டீலைவ் என்று பெயர்ப்பலகையை மாற்றின. 2018 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பு லூப்புக்கு எதிராக வந்தது, ஜூலையில் சமரசம் ஆனது. சிங்கப்பூரிலும் அதே 2017ல் கோங் சா என்ற பெயரில் ஓடிய சுமார் 80 பப்பிள் டீ கடைகள் லிஹோ என்று பெயர் மாறின. டீலைவ் பிழைத்து நன்றாகவே வளர்ந்தது, பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அந்த ஒன்றரை வருடம் கீழே இருந்த ஒற்றைக் கடைக்காரர் எப்படித் தூங்கியிருப்பார்?

இனி அந்த அண்ணனுக்கு நான் போட்டுக் காட்டிய கணக்கு. எல்லாம் உதாரணத் தொகைதான், உங்கள் இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு கப் 9 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். சரக்கு, கப், மூடி, ஸ்ட்ரா எல்லாம் சேர்த்து 40 விழுக்காடு, அதாவது 3.60. ராயல்டி (பெயரைப் பயன்படுத்தக் கம்பெனிக்குக் கட்டுவது), விளம்பர நிதி 7 விழுக்காடு, 63 சென். கையில் நிற்பது 4.77. கடை வாடகை 8,000. ஐந்து பேருக்குச் சம்பளம், இ.பி.எஃப், சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) 10,000. மின்சாரம், தண்ணீர், இதர செலவு 2,500. மொத்தம் 20,500. இதை 4.77ஆல் வகுத்தால் மாதம் 4,298 கப், நாளைக்கு 143 கப். மழை பெய்தாலும், பெருநாளுக்கு ஊரே காலியானாலும் 143. இதில் உங்களுக்கு ஒரு சென்கூடக் கிடையாது. போட்ட முதல் மூன்றரை லட்சத்தை ஐந்து வருடத்தில் திருப்பி எடுக்க நாளைக்கு இன்னும் 41 கப். ஆக 184.

டெலிவரி ஆப்பில் விற்றுக்கொள்ளலாம் என்றார். ஆப் 30 விழுக்காடு பிடித்தால் அந்த 4.77, 2.07 ஆகிவிடும். எண்ணிக்கை ஏறும், காசு ஏறாது.

அப்புறம் குப்பைக் கணக்கு. பப்பிள் டீயில் போடும், வேகவைத்த கருப்பு முத்து (மரவள்ளி மாவு உருண்டை) நாலு மணி நேரம் தாண்டினால் மெல்ல முடியாது, கொட்டத்தான் வேண்டும். மூடிக் கிடக்கும் கடையின் கணக்கைப் பார்க்கப் போனால், கல்லாக் கணக்கைக் கேட்பதற்கு முன்பே நான் கேட்பது கழிவு எழுதும் நோட்டைத்தான். பெரும்பாலும் முதல் இரண்டு வாரம் ஒழுங்காக எழுதியிருப்பார்கள். பிறகு ஒரே பேனாவில், ஒரே எண், கடைசிப் பக்கம் வரை.

கூட்டத்தை நம்பாதீர்கள். திறப்பு விழா வாரத்தில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றால் யாருக்கும் கூட்டம் வரும். சுபாங் ஜெயா எஸ்.எஸ்.15ல் 2019ல் ஒரே தெருவில் வரிசையாகப் பப்பிள் டீ கடைகள் இருந்தன, தெருவுக்கே அந்தப் பெயர் வந்தது. அவற்றில் எத்தனை மிஞ்சியது என்று ஒரு சாயங்காலம் நடந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

சரி, எடுத்தே தீருவேன் என்கிறீர்களா? 1998ஆம் ஆண்டு ஃபிரான்சைஸ் சட்டப்படி, கையெழுத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே ஒப்பந்த நகலும் விவர ஆவணமும் உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். "இன்றைக்குக் கையெழுத்துப் போட்டால் தள்ளுபடி" என்று எவனாவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகும் குறைந்தது ஏழு வேலை நாள் மனம் மாற அவகாசம் உண்டு. ஒப்பந்தம் முடிந்த பின் இரண்டு வருடம் அதே மாதிரி தொழில் செய்யக்கூடாது என்ற பிரிவையும் படியுங்கள், கடையை மூடிவிட்டு வேறு பெயரில் பப்பிள் டீ விற்கலாம் என்ற கனவு அங்கேயே முடிந்துவிடும்.

கம்பெனியிடம் திறந்த கடைகளின் பட்டியலைக் கேட்காதீர்கள். கடந்த இரண்டு வருடத்தில் மூடிய கடைகள், கைமாறிய கடைகள், இவற்றின் பட்டியலைக் கேளுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஓடும் கடையின் மாத விற்பனை போன வருடத்தைவிடக் கூடியதா என்று கேளுங்கள். உங்களுக்கு எத்தனை கிலோமீட்டருக்குள் இன்னொன்று திறக்க மாட்டோம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னது கணக்கில் வராது. முடிந்தால் ஏற்கெனவே கடை நடத்தும் ஒருவரிடம், சரக்கு விலை எத்தனை முறை ஏறியது என்று மட்டும் விசாரியுங்கள், அவரே மீதியைச் சொல்லிவிடுவார்.

அந்த அண்ணன் முன்பணத்தைத் திரும்பக் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறார். கையெழுத்துப் போடாதது நல்லதாயிற்று. நீங்களும் தயவுசெய்து ஒப்பந்த நகலை வாங்கியதும், பணம் கட்டுவதற்கு முன்னால், உங்களுக்குத் தெரிந்த ஒரு கணக்காளரிடமும் ஒரு வழக்கறிஞரிடமும் காட்டுங்கள். என்னிடம்தான் வர வேண்டும் என்றில்லை.