சொல் விளக்கம்: எலும்பு ஒட்டு

முதுகெலும்பு இணைவு அறுவையைப் பற்றி மருத்துவர் விளக்கும்போது ‘ஸ்க்ரூ’, ‘ராடு’ என்ற சொற்கள் மனத்தில் பதிந்துவிடுகின்றன. கூடவே வரும் ‘போன் கிராஃப்ட்’ நழுவிவிடுகிறது. திருகாணியும் கம்பியும் முள்ளெலும்புகளை அசையாமல் பிடித்து வைப்பதோடு சரி. அந்த முள்ளெலும்புகளை ஒரே எலும்பாகக் கூட வைப்பது கிராஃப்ட், அதாவது அங்கே வைக்கும் எலும்பு ஒட்டுதான்.

கிரேக்கத்தில் ‘கிராஃபெயின்’ என்றால் எழுதுதல். அதில் பிறந்த, எழுத்தாணியைக் குறிக்கும் சொல் லத்தீனுக்குப் போய், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மரத்தின் பிளவில் செருகுவதற்காகக் கூராகச் சீவிய குச்சி எழுத்தாணியைப் போல் இருந்ததால் அந்தக் குச்சிக்கு இந்தப் பெயர். தோட்டக்காரரின் சொல்லைப் பிறகு மருத்துவம் எடுத்துக்கொண்டது.

தமிழில் இதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. ஒட்டுக்கன்று, ஒட்டுமா என்று நாம் வழங்கும் அதே ‘ஒட்டு’ போதும். ‘எலும்பு மாற்று’ என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மூட்டு மாற்று அறுவையோடு அது குழப்பிவிடும்; கேட்பவர் வீணாக அஞ்சுவார்.

1911-இல் நியூயார்க்கில் ரஸ்ஸல் ஹிப்ஸ், ஃபிரெட் ஆல்பீ ஆகிய இரு அறுவை மருத்துவர்களும் தனித்தனியே முதுகெலும்பு இணைவு அறுவையை வெளியிட்டார்கள். அன்று அது முக்கியமாக முதுகெலும்புக் காசநோய்க்கான சிகிச்சை. முதுகில் கைக்குத் தட்டுப்படும் முள்நீட்சிகளை ஆல்பீ நெடுக்காகப் பிளந்து, முழங்காலுக்குக் கீழுள்ள கணைக்கால் எலும்பிலிருந்து (டிபியா) எடுத்த பட்டையை அந்தப் பிளவில் பதித்தார். ஒட்டுக்கட்டுபவர் கிளையைப் பிளந்து குச்சியைச் செருகுவதும் இப்படித்தான்.

ஆனால் ஓரிடத்தில் ஒப்புமை நின்றுவிடுகிறது. செடியில் செருகிய குச்சி தானே தளிர்க்கும். எலும்பு ஒட்டிலோ வைத்த செல்களில் பெரும்பகுதி இறந்துபோகும். எஞ்சும் எலும்புச் சட்டகம் கட்டடத்துக்குக் கட்டும் சாரம்போல் நிற்கும்; அந்தச் சாரத்தின் மேல் நம் இரத்தக் குழாய்கள் ஊர்ந்து ஏறும். பழைய எலும்பு சிறுகச் சிறுகக் கரைய, புது எலும்பு அங்கே படியும். இதற்கு மாதங்கள் ஆகும், ஓராண்டும் ஆகலாம்.

ஒட்டை எங்கிருந்து எடுப்பது? நோயாளியின் உடலிலிருந்தே எடுத்தால் அது தன்னொட்டு. இடுப்பெலும்பின் மேல்விளிம்பிலிருந்து எடுப்பதையே நெடுங்காலமாக உரைகல்லாக வைத்திருக்கிறார்கள். உயிருள்ள செல், வளர்ச்சியைத் தூண்டும் புரதம், சாரம் ஆகிய மூன்றும் அதில் ஒருங்கே உண்டு. ஆனால் எடுத்த இடத்திலும் வலிக்கும். சிலருக்கு அந்த வலி நீடிக்கும். நரம்பின் அழுத்தத்தைக் குறைக்க முதுகிலேயே வெட்டியெடுத்த எலும்பைச் சுத்தம் செய்து பொடித்தும் வைப்பார்கள். தனிக் காயம் வேண்டாம், ஆனால் அளவு போதாமல் போகலாம்.

இறந்தவரின் கொடையாக வருவது கொடையொட்டு. பதப்படுத்தும்போது அதன் செல்கள் அழிந்துவிடுவதால் பெரும்பாலும் சாரமாகவே உதவுகிறது. கால்சியம் பாஸ்பேட் போன்ற செயற்கைப் பொருள்களும் அப்படியே.

தசைக்குள்ளும் எலும்பை முளைக்க வைக்கும் பொருள் எலும்பிலேயே இருப்பதை அமெரிக்க எலும்பு மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட் 1965-இல் காட்டினார். அதன் வழியில் வந்த, எலும்பு வளர்ச்சியைத் தூண்டும் ‘பி.எம்.பி-2’ புரதத்தை, கீழ்முதுகில் முன்புறமாகச் செய்யும் இணைவுக்கு அமெரிக்க மருந்து ஆணையம் 2002-இல் அனுமதித்தது. அனுமதி இல்லாத கழுத்துப் பகுதியில் பயன்படுத்தியபோது சிலருக்கு வீக்கம் மூச்சுப்பாதையை அடைத்தது. 2008-இல் ஆணையமே எச்சரிக்க வேண்டி வந்தது. ஆற்றல் மிகுந்த பொருள் என்பதற்காக எல்லா இடத்திலும் வைத்துவிட முடியாது.

இணைவை ஆங்கிலத்தில் குறிக்கும் ‘ஃபியூஷன்’ என்ற சொல்லின் லத்தீன் வேருக்கு உருக்குதல், வார்த்தல் என்று பொருள். நம் பேச்சில் ‘எலும்பு கூடிடுச்சு’ என்கிறோமே, அதுவே நடப்பதைச் சரியாகச் சொல்கிறது. கூடாமல் போனால் அது ‘சூடார்த்ரோசிஸ்’. கிரேக்கப் பொருளை அப்படியே எடுத்துப் ‘பொய்மூட்டு’ எனலாம். புகைப்பவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். அசைவு தொடர்ந்தால் நாளடைவில் திருகாணி தளரும், கம்பி முறியவும் கூடும்.

எக்ஸ்-ரே, ஸ்கேன் படத்தில் எலும்பு கூடியிருந்தும் வலி தீராதவர்கள் உண்டு. பொய்மூட்டு இருந்தும் தொல்லையின்றி நடமாடுபவர்களும் உண்டு. ஆகவே அறுவைக்கு முன் மருத்துவரிடம் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேளுங்கள்: எலும்பு கூடுமா? என் வலி குறையுமா?