பிளாஸ்ட்: வெடிப்பா, வெடியலையா?

"வெடிப்புச் சுமைக்கு உள்ளான கட்டடத்தில் வெடிப்புகள் தோன்றின." இந்த வரியை ஒரு பொறியாளர் எழுதினால் இலக்கணப்படி தப்பே இல்லை. ஆனால் முதல் வெடிப்பு குண்டு வெடிப்பது (ஆங்கிலத்தில் பிளாஸ்ட்; அது கட்டடத்தின்மேல் ஏற்றும் விசைதான் பிளாஸ்ட் லோடு), இரண்டாவது சுவர் விட்டுப்போவது. நமக்குக் காய்ந்த வயலும் வெடிக்கும், குதிகாலும் வெடிக்கும், பருத்திக் காயும் வெடிக்கும். நல்ல சொல்தான், வேலைதான் அதிகம்.

ஆங்கிலத்தின் பிளாஸ்ட்டுக்கு முதலில் வெடியோடு சம்பந்தமே இல்லை. பழைய ஆங்கிலத்தில் அது பலமாக வீசும் காற்று. ஊதுவதைக் குறிக்கும் ஜெர்மன் 'பிளாசன்' இதற்கு உறவுக்காரச் சொல். வெடிமருந்து வந்தபின்தான் வெடி கிளப்பும் காற்றுக்கும் அந்தப் பெயர் ஒட்டியது. பள்ளிப் பாடத்தில் 'பிளாஸ்ட் ஃபர்னஸ்' ஊது உலை என்றுதானே வருகிறது? அதை மொழிபெயர்த்தவர் சொல்லின் மூல அர்த்தத்தைப் பிடித்துவிட்டார். வெடி உலை என்று எழுதியிருந்தால் எந்த ஆலையில் ஆள் வேலைக்கு வருவான்!

கட்டடத்தை அடிப்பதும் காற்றுதான். வெடித்த இடத்திலிருந்து இறுகிய காற்று ஒலியைவிட வேகமாகக் கிளம்புகிறது. மோதிய நொடியிலேயே அழுத்தம் உச்சிக்குப் போய், சில மில்லி நொடிகளில் இறங்கி, சாதாரணக் காற்றழுத்தத்துக்கும் கீழே போகும். தள்ளியது இப்போது இழுக்கும். லெபனானின் பெய்ரூட் துறைமுகத்தில் 2020 ஆகஸ்ட் 4 அன்று நடந்த வெடிவிபத்தின் காணொளிகளில் வெள்ளைக் குடைபோல ஒரு மேகம் விரிந்து சட்டென்று மறைந்ததே, அழுத்தம் குறைந்த அந்தப் பகுதியில் காற்றின் ஈரம் பனித்ததுதான் அது.

ஆர்சிசி, அதாவது கம்பி வைத்த காங்கிரீட், இதற்கு எப்படி ஈடுகொடுக்கிறது? சாதாரணத் தளத்தைப் பாருங்கள். பாரம் மேலிருந்து கீழே அழுத்தும் என்று நம்பி, நடுப்பகுதியில் பிரதானக் கம்பியை அடியில் கட்டுகிறோம். காங்கிரீட் நசுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. அலை ஜன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்து தளத்தைக் கீழிருந்து மேலே தூக்கும்போது இழுபடுவது மேல்பக்கம். அங்கே நடுவில் கம்பி கிடையாது, அல்லது பேருக்குத்தான் இருக்கும். தளம் விரிசல் விட்டு, தூக்கல் நின்றதும் சொந்த எடையோடு திரும்ப விழுகிறது. சுவரிலோ, அலை உள்ளே ஊடுருவிப் பின்முகத்தில் பட்டுத் திரும்புகையில் இழுவிசையாக மாறி, அந்தப் பக்கத்துக் காங்கிரீட்டைச் சில்லு சில்லாகத் தெறிக்க விடும். வெடித்தது வெளியே, சில்லு பறப்பது அறைக்குள்.

தூண் போனால் கதை வேறு. அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் 1995 ஏப்ரல் 19 அன்று மர்ரா என்ற அரசு அலுவலகக் கட்டடத்தின் முன்னால் ஒரு லாரி குண்டு வெடித்தது. ஒன்பது மாடி, ஆர்சிசி. முன்பக்கத்தில் மேல்தூண்கள் 20 அடிக்கு ஒன்று. கீழே இடம் விசாலமாக வேண்டும் என்று தூண்களை 40 அடிக்கு ஒன்றாகக் குறைத்து, மேலே உள்ளவற்றை மூன்றாம் தள மட்டத்தில் ஒரு பெரிய பீமின்மேல் உட்கார வைத்திருந்தார்கள். லாரிக்குப் பக்கத்துத் தூண் நொறுங்கியது, அக்கம்பக்கத்துத் தூண்கள் இரண்டும் போயின, பீம் விழுந்தது, அதன்மேல் இருந்த மாடிகளும் விழுந்தன. இறந்தவர்கள் 168 பேர். அலை நேரடியாக உடைத்தது கொஞ்சம், அதன் பிறகு சரிந்ததே அதிகம். இதைத் 'தொடர் சரிவு' என்கிறார்கள், பொருத்தமான சொல்.

சரி, பிளாஸ்ட் லோடுக்கு என்ன எழுதலாம்? 'குண்டுவெடிப்புச் சுமை' சரிவராது. பெய்ரூட்டில் வெடித்தது குண்டல்ல, கிடங்கிலிருந்த அமோனியம் நைட்ரேட். 'அதிர்வுச் சுமை' என்றால் நிலநடுக்கத்தோடு குழம்பும். காற்றுச் சுமை என்ற சொல் ஏற்கெனவே புயலுக்குப் போய்விட்டது. என் தேர்வு 'வெடியலைச் சுமை'. வெடியும் இருக்கிறது, பரவும் அலையும் இருக்கிறது. சுவர் விட்டுப்போவதற்கு 'விரிசல்' இருக்கவே இருக்கிறது.

'வெடிப்பு எதிர்ப்புச் சுவர்' என்று எழுதிக் கொடுத்துப் பாருங்கள். பூச்சில் கோடு விழாமல் இருக்க ஏதோ புதுக் கலவை வந்திருக்கிறது என்றுதான் கொத்தனார் நினைப்பார்.