த்ராம்போசிஸ்: ரத்தக்கட்டு அல்ல, குருதியுறைவு

மேசை முனையில் இடித்துக்கொண்ட தொடை கருநீலமாகக் கன்றிப்போனால் அதை ரத்தக்கட்டு என்கிறோம். மஞ்சள் குழைத்துப் பற்றுப் போடுகிறோம், எண்ணெய் தடவி நீவிவிடுகிறோம். அது குழாயை விட்டு வெளியே கசிந்த ரத்தம். சில நாளில் பச்சையாகி, மஞ்சளாகி, மறைந்துவிடும். காலின் ஆழத்தில் ஓடும் குழாய்க்குள்ளேயே ரத்தம் கட்டியாகிவிடுவது முற்றிலும் வேறு நோய். மருத்துவர்கள் அதை த்ராம்போசிஸ் என்பார்கள். வீட்டுப் பேச்சில் இரண்டுக்கும் ரத்தக்கட்டு என்ற ஒரே பெயர்தான். அதனால்தான் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை ஊசியாகப் போட்டுக்கொள்ளும் 45 வயதுக்காரர் (அந்த ஊசியால் த்ராம்போசிஸ் ஆபத்து உண்டு), கெண்டைக்கால் வலித்தால் ‘ஜிம்மில் பிடித்த ரத்தக்கட்டு’ என்று நீவத் தொடங்குகிறார். நீவினால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய்விடக்கூடும்.

கிரேக்க மொழியில் ‘த்ரோம்போஸ்’ என்றால் கட்டி, திரளை. பால் திரைந்து கெட்டியாவதைக் குறிக்கும் ‘ட்ரெஃபெயின்’ என்ற வினையோடு இதை உறவுபடுத்துவார்கள். நமக்கு இது புதிய எண்ணமே அல்ல. பாலில் உறைமோர் விட்டால் பால் உறைகிறது. காயத்தில் ரத்தமும் உறைகிறது. இரண்டுக்கும் தமிழில் ஒரே வினை. ‘உறை’க்குத் தங்குதல் என்ற பொருளும் உண்டு: குன்றுதோறும் உறையும் முருகன் என்கிறோமே, அந்த உறைதல். உண்டான இடத்திலேயே சுவரோடு ஒட்டித் தங்கிவிடும் கட்டிக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது.

ஆனாலும் ஒரு பாகுபாடு வேண்டும். வெட்டுக்காயத்தில் ரத்தம் உறைவது உயிர் காக்கும் செயல். அது ‘குருதி உறைதல்’. உடையாத குழாய்க்குள், ஓடிக்கொண்டிருக்க வேண்டிய ரத்தம் உறைந்துவிடுவது நோய், அது ‘குருதியுறைவு’. அங்கே உருவாகும் பொருள் ‘உறைகட்டி’. செயலுக்கு ஒன்று, நோய்க்கு ஒன்று, பொருளுக்கு ஒன்று என்று மூன்று சொற்களையும் தனித்தனியாக வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

த்ராம்போசிஸுக்கு இன்றைய பொருளை நிலைநிறுத்தியவர் ஜெர்மானிய நோயியலாளர் ருடால்ஃப் விர்கோ. குருதியோட்டம் மந்தமாதல், குழாய்ச் சுவர் புண்படுதல், குருதியின் உறையும் தன்மை கூடுதல் என்ற மூன்று காரணங்கள் இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகின்றன. ‘எம்போலியா’ என்ற சொல்லும் அவர் தந்ததே. நாயின் கழுத்துச் சிரைக்குள் (சிரை: இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்) ரப்பர்த் துண்டுகளைச் செலுத்தி, அவை நுரையீரலில் போய் அடைத்துக்கொள்வதை 1840களில் காட்டினார். கிரேக்க ‘எம்போலோஸ்’ செருகப்பட்ட அடைப்பான். இதற்குத் தமிழில் வழங்கும் ‘தக்கையடைப்பு’ மிக நல்ல சொல். தூண்டில் தக்கை மிதந்து போகும். சீசாத் தக்கை வாயை அடைக்கும். பெயர்ந்த உறைகட்டி இரண்டையும் செய்கிறது. காலில் இருக்கும்வரை அது ஆழ்சிரைக் குருதியுறைவு. பெயர்ந்து நுரையீரலில் சிக்கினால் நுரையீரல் தக்கையடைப்பு.

இலங்கைப் பாடநூல்களில் சிரையை நாளம் என்பார்கள். தமிழ்நாட்டு வகுப்பறையில் நாளம் சுரப்பியின் வடிகுழாயையும் குறிக்கும்; ‘நாளமில்லாச் சுரப்பி’ அப்படி வந்ததே. அந்தச் சுரப்பிகள் தருவதை இங்கே ஹார்மோன் என்றும், அங்கே ஓமோன் என்றும், தனித்தமிழில் இயக்குநீர் என்றும் எழுதுகிறோம். 1905இல் லண்டனில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் இச்சொல்லை அறிமுகப்படுத்தியபோது, ‘தூண்டிவிடுகிறேன்’ என்னும் பொருளுள்ள கிரேக்க வினையிலிருந்து எடுத்தார். ஆகவே இயக்குநீர் வேருக்கு நெருக்கமானது. ஆனால் மருந்துக் கடையில் ஹார்மோன் என்றே கேளுங்கள், அங்கே புழங்குவது அதுதான்.

‘ஹார்மோன் சிகிச்சை’ என்பதும் ஆண்களுக்குப் போதாத சொல். விரை போதிய அளவு சுரக்காதவருக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுப்பதும் ஹார்மோன் சிகிச்சை. புராஸ்டேட் புற்றுநோயில் டெஸ்டோஸ்டிரோனை அடக்குவதும் ஹார்மோன் சிகிச்சை. ஒன்றுக்கொன்று எதிரான இரண்டிலும் குருதியுறைவு ஆபத்து உண்டு. புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஒருகாலத்தில் டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் மாத்திரை நாளுக்கு 5 மில்லிகிராம் கொடுத்தார்கள். நோய் அடங்கியும் இதயம், குருதிக்குழாய்க் கோளாறுகளால் பலர் இறந்தார்கள். விழுங்கிய ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலைக் கடந்தாக வேண்டும். அங்கே உறைதல் காரணிகளின் உற்பத்தியைக் கூட்டிவிடுகிறது. இத்தனைக்கும் ஒரே பெயர் என்பதால், வேறு மருத்துவரிடம் போகும்போது மருந்தின் பெயரையே சொல்லுங்கள்.

டெஸ்டோஸ்டிரோன் வேலை செய்யும் வழி வேறு. சிவப்பணு ஆக்கத்தைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் சிறுநீரகத்தில் சுரப்பதை அது கூட்டுகிறது; இரும்புச்சத்துக்குப் பூட்டுப்போல் இருக்கும் ஹெப்சிடினைக் குறைக்கிறது. பூட்டுத் திறந்ததும் எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களை மிகுதியாக ஆக்கத் தொடங்குகிறது. இதைத்தான் ‘ரத்தம் கெட்டியாகிவிட்டது’ என்கிறார்கள். அளக்கும் விதம் எளியது: மெல்லிய கண்ணாடிக் குழலில் ரத்தத்தை எடுத்துச் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் படியும். மொத்தத்தில் அந்தச் சிவப்புப் பத்தி எத்தனை விழுக்காடு என்பதே ஆய்வுச் சீட்டில் பி.சி.வி. அல்லது ஹெமட்டோக்ரிட் என்று வரும் எண். தமிழில் செவ்வணுக் கன அளவு எனலாம். ஆண்களுக்கு ஏறத்தாழ 40 முதல் 50 வரை இயல்பு. 48க்கு மேல் இருந்தால் சிகிச்சையைத் தொடங்க வேண்டாம் என்பதும், 54ஐத் தாண்டினால் நிறுத்தி, இறங்கிய பின் குறைந்த அளவில் தொடரலாம் என்பதும் அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கத்தின் 2018 வழிகாட்டல்.

இந்த எண் சரியாக இருந்தால் கவலையில்லை என்று எண்ணிவிடக் கூடாது. செவ்வணு மிகாதவர்களுக்கும் சிரை உறைகட்டிகள் வந்ததால்தான், 2014 ஜூனில் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு எல்லா டெஸ்டோஸ்டிரோன் மருந்துகளிலும் பொது எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது. பிரிட்டனில் 2016இல் வெளியான ஆய்வில் முதல் ஆறு மாதத்தில்தான் ஆபத்து உச்சத்தில் இருந்தது, பிறகு தணிந்தது. இதயநோய் உள்ள அல்லது அதற்கான ஆபத்து மிகுந்த 45 முதல் 80 வயதுவரையான 5,246 ஆண்களிடம் நடந்து 2023இல் வெளியான சோதனையில் மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. ஆனால் நுரையீரல் தக்கையடைப்பு மருந்து பெற்றவர்களில் 0.9 விழுக்காடு, பெறாதவர்களில் 0.5. சிறிய எண்தான்; ஆனாலும் முன்பு உறைகட்டி வந்தவருக்கும், குடும்பத்தில் இளம் வயதில் வந்திருப்பவருக்கும் இது சிறியதல்ல.

தொடங்கும் முன் வெறும் வயிற்றில், காலையில், இரண்டு தனித்தனி நாள்களில் டெஸ்டோஸ்டிரோனை அளக்க வேண்டும். மாலையில் எடுத்த ஒரே சீட்டை வைத்து ஊசி போடுவது தவறு. மாலையில் அது இயல்பாகவே குறையும். தொடங்கிய 3 முதல் 6 மாதத்தில் மீண்டும் செவ்வணு அளவு, பிறகு ஆண்டுக்கொரு முறை. ஜெல்லைவிட இரண்டு மூன்று வாரத்துக்கொரு முறை போடும் ஊசியில் செவ்வணு கூடுதலாக ஏறும். 1000 மில்லிகிராம் அண்டெகனோயேட் என்ற வகை டெஸ்டோஸ்டிரோன் ஊசி வாரக்கணக்கில் உடலில் தங்கும், கோளாறு வந்தாலும் திரும்ப எடுக்க முடியாது. அதனால் ஆபத்து உள்ளவருக்கு முதலில் ஜெல்லைப் பார்ப்பதே நல்லது. ரத்தத்தை எடுத்துவிட்டு அதே அளவில் ஊசியைத் தொடர்பவர்களும் உண்டு. எண் இறங்கும், கூடவே இரும்புச்சத்தும் இறங்கும், காரணம் அப்படியே இருப்பதால் எண் மீண்டும் ஏறும்.

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் அளவுநாடா எடுங்கள். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் இறக்கி, இரண்டு கெண்டைக்கால்களையும் சுற்றி அளந்து பாருங்கள். 3 சென்டிமீட்டருக்கு மேல் வேறுபாடு வலுவான அறிகுறி. வேறுபாடு இல்லையென்றால் உறைவு இல்லை என்று ஆகாது. டாப்ளர் ஸ்கேன்தான் உறுதி சொல்லும். நீவ வேண்டாம், ஒத்தடமும் வேண்டாம். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் குத்தும் நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், மயக்கம் இவற்றில் எது வந்தாலும் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990.

பிறகு தரும் மருந்துக்கும் தவறான பெயர் புழங்குகிறது: ‘ரத்தம் கரைக்கும் மாத்திரை’. அது எதையும் கரைப்பதில்லை. கட்டி மேலும் வளராமல் தடுக்கிறது. கரைப்பது உடலே ஆக்கிக்கொள்ளும் பிளாஸ்மின் என்ற நொதி. உறைதல் தடுப்பி என்பதே சரி. வலி போனதும் ‘கரைந்துவிட்டது’ என்று இரண்டாம் வாரத்தில் நிறுத்துகிறார்கள். குறைந்தது 3 மாதம் வேண்டும், நிறுத்தும் நாளை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அவசரப் பிரிவில் ‘காலில் ரத்தக்கட்டு’ என்று மட்டும் சொன்னால் அடிபட்ட காயமாகக் குறித்துக்கொள்ளக்கூடும். இப்படிச் சொல்லுங்கள்: “அடி ஏதும் படவில்லை. ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் எடுக்கிறேன், கடைசி ஊசி இந்தத் தேதியில். சிரைக்குள் ரத்தம் உறைந்திருக்குமோ என்று பாருங்கள்.”