லென்ஸைக் குறை சொல்லும் முன்: வியூ கேமராவில் டிஜிட்டல் பேக்கும் ஃபோகஸும்

"லென்ஸ் சரியில்லை போலிருக்கிறது, மாற்றிப் பார்க்கலாமா?" ஃபிலிமில் பழகி, அதே வியூ கேமராவில் (லென்ஸ் பக்கத்தையும் ஃபிலிம் பக்கத்தையும் தனித்தனியாக நகர்த்தக்கூடிய கேமரா) டிஜிட்டல் பேக் (ஃபிலிமின் இடத்தில் பொருத்தும் சென்சார் பெட்டி) மாட்டத் தொடங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது. கட்டடங்களையும் ஓவியங்களையும் படமெடுப்பது என் தொழில். அதனால் இப்படிச் சந்தேகத்துக்கு ஆளான லென்ஸ்கள் நிறைய என் கைக்கு வந்திருக்கின்றன. பெரும்பாலானவற்றில் லென்ஸில் ஒரு குறையும் இருக்காது. நாம் ஃபோகஸ் பார்த்த கிரவுண்ட் கிளாஸும் (காட்சி விழும் மங்கலான கண்ணாடித் திரை) படம் பதிந்த சென்சாரும் ஒரே தளத்தில் இருக்காது, அவ்வளவுதான். அல்லது லென்ஸ் பக்கமும் சென்சார் பக்கமும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்காது.

ஃபிலிம் காலத்தில் இதெல்லாம் ஏன் தெரியவில்லை? ஃபிலிம் நிறைய மன்னித்தது. 4×5 அங்குல ஃபிலிமில் 0.1 மி.மீ. அளவு மங்கலைக் கூர்மை என்றே ஏற்றுக்கொண்டோம். அந்தக் கணக்கில் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையை, எஃப்/22-க்குச் சுருக்கினால், ஃபிலிம் இருக்கும் தளம் முன்னும் பின்னும் 2 மி.மீ. தவறினாலும் படம் தப்பித்துவிடும். ஃபிலிமே ஹோல்டருக்குள் லேசாக வளைந்துதான் இருந்தது, யாரும் கவலைப்படவில்லை.

இப்போது 150 மெகாபிக்சல் பேக் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பேஸ் ஒன் ஐக்யூ4-இன் சென்சார் ஏறக்குறைய 53×40 மி.மீ., ஒரு பிக்சல் 3.76 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இரண்டு பிக்சல் மங்கலை அனுமதிக்கலாம் என்றால், எஃப்/8-இல் நமக்குக் கிடைக்கும் இடம் முன்பின் 0.06 மி.மீ. மட்டுமே. பிரிண்டரில் போடும் சாதாரணத் தாள்கூட அதைவிடத் தடிமன்.

அடுத்து வருவதைத்தான் பலர் நம்ப மறுக்கிறார்கள். வைடு லென்ஸ்தானே, எல்லாம் ஷார்ப்பாக வந்துவிடும் என்பார்கள். உண்மையில் இந்த விஷயத்தில் முதலில் கழுத்தறுப்பது வைடு லென்ஸ்தான். 40 மி.மீ. லென்ஸை முடிவிலியிலிருந்து 10 மீட்டருக்குக் கொண்டுவர அது முன்னால் நகரும் தூரம் 0.16 மி.மீ. 150 மி.மீ. லென்ஸில் அதே மாற்றத்துக்கு 2.3 மி.மீ. நகர வேண்டும். சரி, உங்கள் சென்சார் கிரவுண்ட் கிளாஸ் இருந்த இடத்துக்கு 0.1 மி.மீ. பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 40 மி.மீ. லென்ஸில் கிரவுண்ட் கிளாஸில் முடிவிலிக்கு அழகாக ஃபோகஸ் வைப்பீர்கள். சென்சாரில் கூர்மை விழுவது 16 மீட்டரில். தூரத்துக் கோபுரம் சொதசொதவென்று வரும், முன்னால் நிற்கும் மரம் இலை இலையாகத் தெரியும். சென்சார் 0.1 மி.மீ. முன்னால் இருந்தாலோ இன்னும் மோசம். முடிவிலியையும் தாண்டிய ஃபோகஸ், அதாவது எந்தத் தூரத்திலும் கூர்மை இல்லை. இந்த இரண்டாவது நிலையில்தான் லென்ஸ்மேல் பழி விழுகிறது.

லென்ஸ் வளையத்தில் பொறித்திருக்கும் டெப்த் ஆஃப் ஃபீல்டு (எந்தத் தூரத்திலிருந்து எந்தத் தூரம்வரை கூர்மை) குறிகளையும் அப்படியே நம்பாதீர்கள். 0.03 மி.மீ. மங்கலை ஏற்றுக்கொண்டு கணக்கிட்டால், 40 மி.மீ. லென்ஸில் எஃப்/11-க்கு ஹைப்பர்ஃபோகல் தூரம், அதாவது முடிவிலியும் கூர்மையில் அடங்க ஃபோகஸ் வைக்க வேண்டிய மிகக் குறைந்த தூரம், 4.8 மீட்டர். இரண்டு பிக்சல் கணக்கில் அது 19 மீட்டரைத் தாண்டும். பழைய பழக்கத்தில் 5 மீட்டருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தால், அடிவானம் ஏறத்தாழ எட்டு பிக்சல் அகலத்துக்குக் கலங்கியிருக்கும்.

இதைச் சோதிக்கப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. நான் செய்வது இதுதான். நுண்ணிய விவரம் உள்ள, அசையாத, தொலைவான ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, லூப் (உருப்பெருக்கி) வைத்து கிரவுண்ட் கிளாஸில் ஃபோகஸ் செய்து, ஹெலிகல் வளையத்தின் (திருப்பினால் லென்ஸை முன்பின் நகர்த்தும் வளையம்) அளவைக் குறித்துக்கொள்வேன். லூப்பை முதலில் கண்ணாடியின் துகள்மேல் கூர்மையாக்கிவிட வேண்டும். அதை விட்டுவிட்டால் மீதி எல்லாம் வீண். நம் கண்ணும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. அதனால் பலமுறை செய்து சராசரி எடுக்கிறேன். அப்புறம் பேக்கை மாட்டி, வளையத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தி வரிசையாகப் படமெடுத்து, கணினியில் 100 சதவீதத்தில், ஷார்ப்பனிங்கை அணைத்துவிட்டுப் பார்ப்பேன். மிகக் கூர்மையான படத்தின் அளவுக்கும் கண்ணாடி சொன்ன அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் பிழை. அதை அடாப்டருக்கு (பேக்கைக் கேமராவோடு இணைக்கும் தகடு) அடியில் வைக்கும் மெல்லிய ஷிம் தகடுகளால் சரிக்கட்டலாம். ஆல்பா (ALPA) போன்ற கேமராக்களுக்கு நூறில் ஒரு பங்கு மி.மீ. அளவிலேயே ஷிம்கள் உண்டு. இது லென்ஸுக்குச் செய்யும் சரிபார்ப்பு என்று பலர் நினைக்கிறார்கள். பேக், அடாப்டர், கேமரா மூன்றும் சேர்ந்த கூட்டணிக்குத்தான் ஷிம். ஒன்றை மாற்றினால் கணக்கும் மாறும்.

சென்சாரில் விழும் காட்சியைத் திரையில் உடனுக்குடன் காட்டும் லைவ் வியூ இருந்தால் இந்தத் தலைவலி பாதி குறையும். 2014-இல் பேஸ் ஒன்னின் ஐக்யூ250 வந்தபோதுதான் சிமாஸ் (CMOS) வகைச் சென்சார் உள்ள பேக் கைக்குக் கிடைத்தது. அதற்கு முந்தைய சிசிடி (CCD) வகைச் சென்சார் பேக்குகளில் லைவ் வியூ பெயருக்குத்தான் இருந்தது. சிசிடி வைத்திருப்பவர்கள் லேசர் தூரமானியைப் பயன்படுத்துவதையே நான் சிபாரிசு செய்வேன். ஹெலிகல் வளையத்தின் முடிவிலிக் குறியை உங்கள் பேக்குக்கு ஏற்ப ஒருமுறை சரிசெய்துவிட்டால், தூரத்தை அளந்து வளையத்தை அதில் வைத்தால் போதும். 40 மி.மீ. லென்ஸில் 2 மீட்டர் தூரத்தை அளப்பதில் 5 செ.மீ. தவறினாலும் சென்சார் பக்கம் 0.02 மி.மீ.தான் தவறும். மங்கலான அறைக்குள் கிரவுண்ட் கிளாஸைப் பார்த்துக் கண்ணைக் கசக்குவதைவிட இது எவ்வளவோ மேல். வெயிலில் லேசர் புள்ளி தெரியாது என்பது மட்டும் தொல்லை.

லைவ் வியூவிலும் ஒரு எச்சரிக்கை. சில லென்ஸ்களில் அப்பர்ச்சரைக் குறைக்கும்போது ஃபோகஸ் கொஞ்சம் நகரும். முடிந்தால் படமெடுக்கப் போகும் அப்பர்ச்சரிலேயே பாருங்கள். கூர்மையான இடங்களுக்குத் திரையில் பச்சை பூசிக் காட்டும் ஃபோகஸ் மாஸ்க் பச்சையாகக் காட்டிவிட்டதே என்று நிம்மதி அடையவும் வேண்டாம். அது பார்ப்பது விளிம்பின் கான்ட்ராஸ்டை. வெயில் விழும் கருப்புக் கம்பி லேசாக மங்கியிருந்தாலும் அது பச்சை காட்டும். சுண்ணாம்புச் சுவர் கச்சிதமாக இருந்தாலும் காட்டாது.

இணையாக இல்லாத பிரச்சினை இன்னும் வஞ்சகமானது, ஏனென்றால் படத்தின் நடுவே எல்லாம் நன்றாக இருக்கும். லென்ஸ் பக்கம் அரை டிகிரி திரும்பியிருந்தாலே 53 மி.மீ. அகலச் சென்சாரின் இரு ஓரங்களிலும் ஃபோகஸ் 0.23 மி.மீ. விலகும். நமக்கு இருந்த இடமோ 0.06. மோனோரெயில் கேமராவில் (ஒற்றைத் தண்டில் நகரும் வியூ கேமரா), லென்ஸ் நேராக நிற்கும் இடத்தைக் காட்டும் பூஜ்ய டிகிரிக் குழி தேய்ந்திருந்தால் இந்த அளவு விலகல் சர்வசாதாரணம். தொலைவான காட்சியை முழு அப்பர்ச்சரில் எடுத்து இடது, வலது ஓரங்களை ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மங்கினால் பேக்கை 180 டிகிரி திருப்பி மாட்டி மறுபடி எடுங்கள். மங்கல் சென்சாரோடு சேர்ந்து நகர்ந்தால் குற்றம் பேக்கில். காட்சியின் அதே பக்கத்தில் நின்றால் கேமராவிலோ லென்ஸிலோ. லென்ஸை அதன் பலகையில் திருப்பிப் பார்த்தால் அந்த இரண்டில் எது என்பதும் தெரிந்துவிடும். லென்ஸை அனுப்பிவைக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்தால் கூரியர் செலவாவது மிஞ்சும்.

டில்ட் செய்பவர்களுக்கு, அதாவது கூர்மைத் தளத்தை மாற்ற லென்ஸைச் சாய்ப்பவர்களுக்கு: 4×5-இல் 150 மி.மீ. லென்ஸோடு, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் நின்று தரையைக் கூர்மையாக்க ஏறத்தாழ 5.7 டிகிரி டில்ட் தேவைப்பட்டது. 40 மி.மீ. லென்ஸில் அதே வேலைக்கு 1.5 டிகிரி போதும். கை பழைய அளவுக்கே போகும், தடுத்து நிறுத்துங்கள். டில்ட் வைத்த பிறகு ஃபோகஸ் குமிழைத் திருப்பினால் கூர்மைத் தளம் முன்பின் நகராது. லென்ஸுக்குக் கீழே உள்ள ஒரு கோட்டைச் சுற்றிச் சுழலும். அதனால் தூரத்தில் உள்ளதைக் குமிழாலும் அருகில் உள்ளதைச் சிறு டில்ட் மாற்றத்தாலும் மாறி மாறிச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

எஃப்/22-க்கு இறக்கிவிட்டால் எல்லாம் மறைந்துவிடாதா என்றால், டிஃப்ராக்‌ஷன் (சிறு துளையில் ஒளி பரவி மங்குவது) குறுக்கே வரும். எஃப்/8-இலேயே ஒளிப்புள்ளியின் விட்டம் சுமார் 11 மைக்ரான், எஃப்/16-இல் 21-ஐத் தாண்டும். நான் எஃப்/11-க்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆழம் போதாவிட்டால் ஃபோகஸை நகர்த்திச் சில படங்கள் எடுத்துச் சேர்த்துக்கொள்கிறேன்.

லென்ஸுக்குப் பின்னால் ஃபில்டர் வைக்கும் பழக்கம் இருந்தால், 1 மி.மீ. கண்ணாடி ஃபோகஸை ஏறக்குறைய 0.33 மி.மீ. பின்னுக்குத் தள்ளும் என்பதை நினைவில் வையுங்கள். ஃபில்டரைப் போட்ட பிறகுதான் ஃபோகஸ் பார்க்க வேண்டும். இன்ஃப்ராரெட்டுக்காகச் சென்சாரின் கண்ணாடியை மாற்றிய பேக்குகளுக்கும் பழைய ஷிம் கணக்கு செல்லாது.

வாடகைக்கு எடுக்கும் பேக்கில் இருப்பது வேறு யாருடைய கேமராவுக்கோ சரிசெய்த அளவு. வேலைக்கு முந்தைய நாளே வாங்கி, மேலே சொன்ன ஹெலிகல் சோதனையை உங்கள் வைடு லென்ஸில் செய்து, கிடைக்கும் அளவை ஒரு டேப்பில் எழுதி கேமராவில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஷிம் போட நேரம் இல்லாவிட்டாலும், கண்ணாடியில் பார்த்த பிறகு வளையத்தை எந்தப் பக்கம் எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பது கையில் இருக்கும்.