விளிம்பைப் படிக்காமல் பதக்கம் வாங்காதீர்கள்

பழைய பதக்கங்களை மதிப்பிட்டுச் சொல்வது என் தொழில். பல நாட்டுப் பொருட்களை வைத்துக் காட்டும் உலகக் கண்காட்சியில் கொடுத்த பரிசு என்று நம்பி நல்ல விலை கொடுத்து வாங்கி வருகிறார்கள், பார்த்தால் பல நேரம் அது யாருக்கும் பரிசாகக் கொடுத்ததே இல்லை.

1851 லண்டன் கண்காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். உயர்ந்த பரிசான கவுன்சில் மெடல் ஏறக்குறைய 170தான், அடுத்த நிலை பிரைஸ் மெடல் 2,900க்கு மேல். அதற்கும் கீழே, காட்சிக்குப் பொருள் வைத்த எல்லோருக்கும் கொடுத்த எக்ஸிபிட்டர்ஸ் மெடல், சுமார் 45 மி.மீ. அகலம், பிரைஸ் மெடல் 77 மி.மீ. வரும். இவை வெண்கலம். கண்காட்சி நடந்த கண்ணாடி மண்டபமான கிரிஸ்டல் பேலஸ் படம் போட்டு வெள்ளை உலோகத்தில் பளபளக்கும் வகை, பார்வையாளர்களுக்கு விற்ற நினைவுப் பொருள். பிரைஸ் மெடலைப் பக்கவாட்டில் திருப்பினால் பரிசு பெற்றவர் பெயரும் அவர் பொருளின் பிரிவு எண்ணும் விளிம்பில் இருக்கும், முதலில் அதைப் படியுங்கள்.

பாரிஸ் பதக்கங்களிலும் விளிம்புதான் பேசும். பாரிஸ் நாணயச்சாலை விளிம்பில் அடிக்கும் தன் முத்திரையைக் காலத்துக்குக் காலம் மாற்றியது: 1845 முதல் 1860 வரை சுட்டும் கை, பிறகு 1880 வரை தேனீ, அதன்பின் பழங்கள் வழியும் கொம்பு. 1855, 1867 கண்காட்சிப் பதக்கத்தில் கொம்பு தெரிந்தால் அது பின்னாளில் மறுபடி அடித்தது. போலி என்று சொல்ல முடியாது, அதே நாணயச்சாலையில் செய்ததுதான், ஆனால் பரிசு வாங்கியவர் கையில் இருந்ததும் இல்லை, அந்த விலைக்குத் தகுதியும் இல்லை. 1889, 1900 பதக்கங்களில் கொம்பு இருப்பதுதான் சரி.

1893 சிகாகோ பதக்கம் வேறு மாதிரி. முன்பக்கம் சிற்பி செயின்ட்-காடன்ஸ், பின்பக்கம் அமெரிக்க நாணயச்சாலையின் செதுக்குநர் சார்ல்ஸ் பார்பர் செய்தது. பரிசு பெற்றவர் பெயர் பின்பக்கத்திலேயே, பெயர்த் துண்டை அச்சில் செருகி அடித்ததால் எழுத்து புடைத்து நிற்கும். குழித்து வெட்டிய பெயரைப் பார்த்தால் விற்பவரிடம் விளக்கம் கேளுங்கள்.

அப்புறம் ஒன்று, கெஞ்சிக் கேட்கிறேன்: புளி போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தப் பழுப்பு நிறம் அழுக்கு இல்லை, பல பதக்கங்களில் அடித்த இடத்திலேயே வேண்டுமென்று ஏற்றியது. ஒருமுறை போனால் போனதுதான், எந்த ரசாயனமும் திருப்பித் தராது. பிவிசி பிளாஸ்டிக் உறையும் வேண்டாம், நாளடைவில் வெண்கலத்தில் பச்சையாகப் பிசுபிசுக்கும். அமிலமில்லாத காகிதத்தில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், எடுக்கும்போது ஓரத்தை மட்டும் பிடியுங்கள்.