பள்ளிப் பீரோவில் பூட்டிக் கிடக்கும் கதைப் புத்தகம்: உங்கள் பிள்ளை கைக்கு வர என்ன செய்ய வேண்டும்?

எங்கள் பக்கத்து ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில், தலைமையாசிரியர் அறையில் ஒரு சாம்பல் நிற இரும்புப் பீரோ இருக்கிறது. அதன் முன்னால் உடைந்த நாற்காலிகள் மூன்று அடுக்கப்பட்டிருந்தன. மேலதிகாரிகள் பார்வைக்கு வரும் நாளில் நாற்காலிகள் நகர்த்தப்படும், புத்தகங்கள் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கவிடப்படும், புகைப்படம் எடுக்கப்படும், மறுநாள் காலையில் எல்லாம் திரும்பவும் உள்ளே போய்விடும். ஐந்தாம் வகுப்பில் படித்த ஒரு சிறுமி, அந்த ஒரு நாளில் பாதி படித்த யானைக் கதையின் மீதியை அறிய வேண்டி, அடுத்த நான்கு மாதங்கள் ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். புத்தகம் அவளுக்குக் கிடைக்கவில்லை. அவளுடைய அம்மா என்னிடம் வந்து, "இதெல்லாம் கேட்கலாமா சார், கேட்டால் பிள்ளையிடம் கோபித்துக்கொள்ள மாட்டார்களா?" என்று கேட்டபோதுதான், இதைப் பெற்றோருக்கு விளக்கமாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

கேட்கலாம். புத்தகம் தருவது பள்ளியின் தயவு அல்ல. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், ஒவ்வொரு பள்ளியிலும் செய்தித்தாள், இதழ்கள், கதைப் புத்தகங்கள் உள்ளிட்ட எல்லாப் பாடங்களுக்குமான நூல்கள் கொண்ட நூலகம் இருக்க வேண்டும் என்று தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. இதற்கு மேல் தமிழ்நாட்டு அரசு 2023இல் வாசிப்பு இயக்கத்தைத் தொடங்கி, நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு நிலைகளில், முதல் கட்டமாக 53 சிறு நூல்களை அச்சிட்டுப் பள்ளிகளுக்கு அனுப்பியது. நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஊஞ்சல் இதழும், ஆறு முதல் ஒன்பது வரை படிப்பவர்களுக்குத் தேன்சிட்டு இதழும் 2022 முதல் வருகின்றன. தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தின் வகுப்பறைகளில் வாசிப்புக் களம் என்று ஒரு மூலையே ஒதுக்கப்பட்டிருக்கிறது. பின்னணி இவ்வளவு போதும். பெற்றோர் அலைக்கழிக்கப்படுவது இதற்குப் பிறகுதான்.

முதல் சிக்கல் நிலைகளில் வருகிறது. நுழை, நட, ஓடு, பற என்பவை வகுப்புகளின் பெயர்கள் அல்ல. பிள்ளை எந்த அளவுக்குத் தானாக வாசிக்கிறதோ அந்த அளவுக்கு ஏற்ற நூலைக் கொடுப்பதற்காக வைத்த படிகள். ஆனால் சில பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புக்கு 'பற', மூன்றாம் வகுப்புக்கு 'நுழை' என்று வகுப்பு வாரியாகக் கட்டிப் பிரித்துவிடுகிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஐந்தாம் வகுப்புப் பையனிடம் நீண்ட பத்திகள் கொண்ட நூலைக் கொடுத்து, அவன் திணறியதும், "இவனுக்கு வாசிப்பில் ஆர்வம் இல்லை" என்று சொல்லி வாங்கி வைத்துவிடுகிறார்கள். உங்கள் பிள்ளை ஒரு நூலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேண்டாம் என்று சொன்னால், அது எந்த நிலை நூல் என்று அட்டையைப் பாருங்கள். ஒரு படி கீழே உள்ள நூலைக் கேட்டு வாங்குங்கள். அப்படிக் கேட்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

இரண்டாவது சிக்கல் பரிசு பற்றியது. வாசிப்பில் சிறந்து விளங்குபவர்களை உலகப் புகழ் பெற்ற நூலகங்களுக்கு அழைத்துச் செல்வோம் என்று 2022இல் அறிவிக்கப்பட்ட வாசிப்புப் போட்டி, அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கானது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை அதற்குச் சேர்க்க முடியாது என்பது உண்மை. அதையே காரணமாகக் காட்டி, "உங்கள் பிள்ளைக்குத் திட்டம் இல்லை" என்று புத்தகத்தையே மறுப்பது தவறு. போட்டிக்குத் தகுதி இல்லாததால் புத்தகத்துக்கும் தகுதி இல்லாமல் போய்விடாது. நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளையாக இருந்தால், போட்டி எப்போது, யார் தேர்வு செய்கிறார்கள் என்று ஜூலை, ஆகஸ்ட் மாதங்களிலேயே கேட்டு வையுங்கள். பிள்ளைகளைப் படிக்க வைத்து, எழுத வைத்துத் தேர்ந்தெடுக்காமல், கையெழுத்து நன்றாக இருக்கும் ஒருவரின் பெயரைக் கடைசி நாளில் அனுப்பிவிடும் பள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன். தேர்வு முடிந்த பிறகு புகார் செய்து எதுவும் மாறியதில்லை.

அரசு உதவி பெறும் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் நூலக மானியம், தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரையிலும், எட்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளிக்கு 13,000 ரூபாய் வரையிலும், அரசுப் பள்ளிகளுக்கே தரப்படுகிறது. "எங்களுக்கு மானியம் இல்லை, ஆகவே நூலகம் இல்லை" என்று உதவி பெறும் பள்ளி நிர்வாகம் சொல்வதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தவறு. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகள் நீங்கலாக, சட்டத்தின் அட்டவணை மற்ற பள்ளிகளுக்குப் பொருந்தும், மானியம் வந்தாலும் வராவிட்டாலும்.

அரசுப் பள்ளிகளிலும் நிதிப் பேச்சு வரும். அந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய ஒன்றிய அரசின் பங்கு 2024-25இல் நிறுத்தி வைக்கப்பட்டது உண்மை. அதனால் பள்ளிகள் சிரமப்பட்டதும் உண்மை. ஆனால் பீரோவுக்குள் ஏற்கெனவே இருக்கும் புத்தகத்தை எடுத்துக் கொடுக்க ஒரு ரூபாயும் தேவைப்படாது. நிதி என்ற சொல் காதில் விழுந்ததும் பெற்றோர் தலையாட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். திரும்பாதீர்கள். "புதிய புத்தகம் கேட்கவில்லை, இருப்பில் உள்ளதைத்தான் கேட்கிறேன்" என்று சொல்லுங்கள்.

பூட்டுக்கு உண்மையான காரணம் பெரும்பாலும் இருப்புப் பதிவேடு. ஒவ்வொரு நூலும் பதிவேட்டில் ஏற்றப்பட்டிருக்கிறது. தணிக்கையில் எண்ணிக்கை குறைந்தால் பொறுப்பாசிரியர் கைக்காசு போட வேண்டி வருமோ என்ற பயம் அவருக்கு இருக்கிறது. இந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். 60 ரூபாய்ப் புத்தகத்துக்கு விளக்கம் எழுதிக் கொடுத்து நொந்துபோன ஆசிரியர்களை எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பயத்தின் விலையைக் குழந்தைகள் கொடுக்கக் கூடாது. ஒன்றிய அரசின் 2017ஆம் ஆண்டு பொது நிதி விதிகள், படிக்கக் கொடுக்கப்படும் ஆயிரம் நூல்களில் ஆண்டுக்கு ஐந்து தொலைவது இயல்பான இழப்பு என்று ஏற்றுக்கொள்கின்றன, அதில் அலட்சியமோ நேர்மையின்மையோ இல்லாத வரை. அந்த விதி மாநில அரசுப் பள்ளியை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. என்றாலும், புத்தகம் கிழிவதும் தொலைவதும் நூலகத்தில் நடக்கக்கூடியதே என்று அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது என்பதைப் பேச்சில் எடுத்து வைக்கலாம்.

இதற்கான வழி பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறது. அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பதும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பதும் சட்டம். கூட்டம் எந்த வெள்ளிக்கிழமை என்று பள்ளியில் கேட்டுத் தெரிந்துகொண்டு, இப்படி ஒரு தீர்மானம் எழுதச் சொல்லுங்கள்: "வாரம் ஒரு நாள் எல்லா மாணவருக்கும் நூல் வழங்கி வீட்டுக்குக் கொடுத்தனுப்பப்படும், பயன்பாட்டில் கிழியும் அல்லது தொலையும் நூல்களைக் குழு ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்த்துப் பதிவு செய்யும், அதற்காக ஆசிரியரிடமோ மாணவரிடமோ பணம் வசூலிக்கக் குழு பரிந்துரைக்காது." இந்தத் தீர்மானம் ஆசிரியருக்கும் ஒரு கவசம். தீர்மானப் புத்தகத்தில் வாசகம் முழுவதும் எழுதப்பட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தின் அடியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மேலே பிறகு எழுதிக்கொள்ளும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது.

இதில் நடக்காவிட்டால்தான் அலுவலகம். எங்கே போவது என்பதிலேயே இரண்டு மாதம் போய்விடக்கூடும், ஏனென்றால் புத்தகம் வந்து சேர்வது வட்டார வள மையத்தின் வழியாக, பள்ளி இருப்பதோ வட்டாரக் கல்வி அலுவலரின் கட்டுப்பாட்டில். வள மையத்தில், "நாங்கள் புத்தகத்தைக் கொடுத்துவிட்டோம், மீதியைக் கல்வி அலுவலரிடம் கேளுங்கள்" என்பார்கள். கல்வி அலுவலகத்தில், "அது திட்டத்தின் புத்தகம், வள மையத்தைக் கேளுங்கள்" என்பார்கள். நான் குறிப்பிட்ட அந்த அம்மா கூலி வேலையை விட்டுவிட்டு இரண்டு இடங்களுக்கும் மூன்று முறை நடந்தார். நீங்கள் நடக்க வேண்டாம். ஒரே மனுவை வட்டாரக் கல்வி அலுவலருக்கு முகவரியிட்டு எழுதி, நகல் வட்டார வள மையத்துக்கும் ஊராட்சி ஒன்றியத்துக்கும் என்று அடியில் குறிப்பிட்டு, மூன்று இடங்களிலும் ஒரே நாளில் கொடுங்கள்.

மனுவில் "புத்தகம் தந்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று மட்டும் எழுதினால் அது வேண்டுகோளாகக் கருதப்பட்டுக் கோப்பில் தங்கிவிடும். பிள்ளையின் வகுப்பு, இந்தக் கல்வியாண்டில் எத்தனை முறை நூல் வீட்டுக்குக் கொடுக்கப்பட்டது, எந்தத் தேதியில் யாரிடம் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்று எழுதி, "கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 32இன் கீழ் அளிக்கப்படும் குறைதீர் மனு" என்று தலைப்பிடுங்கள். அந்தப் பிரிவின்படி மூன்று மாதங்களுக்குள் விசாரித்து முடிவு செய்ய வேண்டும். முடிவு திருப்தி தராவிட்டால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். உங்கள் நகலில் தேதியும் அலுவலக முத்திரையும் வாங்காமல் வெளியே வராதீர்கள். முத்திரை தர மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம், அஞ்சலகத்துக்குப் போய் ஒப்புகையுடன் அனுப்பிவிடுங்கள். கல்வித் துறையின் 14417 எண்ணில் பேசினால், புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்; எண் இல்லாத புகாரை மறுமுறை யாராலும் தேடி எடுக்க முடியாது.

மனு கொடுத்த பிறகு, "எல்லா மாணவர்களுக்கும் நூல் வழங்கப்படுகிறது" என்று ஒருவரிப் பதில் வரக்கூடும். அதற்கு மறுப்பு எழுதிக்கொண்டு நேரத்தை வீணாக்காமல், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் பள்ளியின் நூல் வழங்கல் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். "நூலகம் செயல்படுகிறதா?" என்று கேட்டால் "ஆம்" என்று மட்டுமே பதில் வரும் என்பதால், கேள்வி கேட்காமல் ஆவணத்தின் பெயரைச் சொல்லி, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்று குறித்து, நகல் கேட்பதே பலன் தரும். என் அனுபவத்தில், பூட்டிய பீரோக்களில் பாதி இந்த விண்ணப்பம் பள்ளிக்கு வந்து சேர்ந்த வாரத்திலேயே திறந்துவிட்டன.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்பு முடித்து வேறு அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ போகும்போது, "புத்தகம் ஒன்று வரவில்லை, பணம் கட்டினால்தான் டிசி" என்று நிறுத்தி வைப்பது நடக்கிறது. சட்டத்தின் பிரிவு 5இன்படி மாற்றுச் சான்றிதழை உடனே தர வேண்டும். சான்றிதழ் தாமதமாகிறது என்பதற்காகப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவும் முடியாது. இதற்கு முன்னெச்சரிக்கை எளிது. ஒரு சிறிய நோட்டில் நூலின் பெயர், வாங்கிய தேதி, திருப்பிக் கொடுத்த தேதி ஆகியவற்றைப் பிள்ளையையே எழுதச் சொல்லி, திருப்பும்போது ஆசிரியரிடம் ஒரு கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். அந்தச் சிறுமியின் அம்மா இப்போது அப்படி ஒரு நோட்டு வைத்திருக்கிறார். அதில் யானைக் கதை மூன்று முறை எழுதப்பட்டிருக்கிறது.

பள்ளி எவ்வளவு முயன்றும் அசையாவிட்டால், ஊர்க் கிளை நூலகத்தில் பிள்ளையை உறுப்பினராக்குங்கள். உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், அதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். நூறு ரூபாய் வரிக்குப் பத்து ரூபாய் ஏற்கெனவே நூலகத்துக்காக உங்களிடம் வாங்கப்படுகிறது. கிளை நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் அன்று போய் ஏமாற வேண்டாம். உறுப்பினர் படிவத்தில் தலைமையாசிரியர் கையெழுத்து கேட்டால், அதைத் தேர்வு நெருக்கடி இல்லாத ஜூன் மாதத்திலேயே வாங்கிவிடுங்கள்.

ஏப்ரல் மாதத்தில் எல்லா நூல்களும் திரும்பப் பெறப்பட்டுப் பீரோ மறுபடி பூட்டப்படும், பிள்ளைக்கு முழு நாளும் ஓய்வாக இருக்கும் கோடை விடுமுறையில் அதன் கையில் ஒரு புத்தகமும் இருக்காது. ஆகவே மார்ச் மாதக் குழுக் கூட்டத்திலேயே, விடுமுறைக்குப் பிள்ளைக்கு இரண்டு நூல்கள் கொடுத்தனுப்பித் திறப்பு நாளில் திரும்பப் பெறுவது என்று தீர்மானம் கேளுங்கள். ஏப்ரல் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு கேட்டால் சாவி யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் பள்ளி மூடிவிடும்.