சீசன் கடை போடுகிறவர்கள் சாரலுக்கு முன்பே வாங்க வேண்டிய சான்றிதழ்

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் ஐந்தருவி சாலை நெடுக வியாபாரம்தான். மங்குஸ்தான் கூடையோடு உட்காருகிறவர்களும் நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிறவர்களும் அந்த இரண்டு மூன்று மாத வருமானத்தில்தான் வருஷத்தை ஓட்டுகிறார்கள். சுற்றுலாப் பணம் உள்ளூர்க்காரர் கையில் நேராக வந்து விழுவது இந்தக் கடைகளில்தான். நெரிசல் என்றதும் முதலில் தூக்கப்படுவதும் இவைதான்.

கடைக்காரர்களை எண்ணும் கணக்கெடுப்பு முடிந்து, விற்க உரிமை தரும் விற்பனைச் சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அகற்றக் கூடாது என்கிறது 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம்.

சிக்கலே கணக்கெடுப்பில்தான். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறையாவது நடத்த வேண்டும். சீசன் இல்லாத மாதத்தில் வந்து எண்ணினால் உங்கள் பெயர் எப்படி ஏறும்? பேரூராட்சியில் போய்க் கேட்டால் "அடுத்த கணக்கெடுப்பில் பார்க்கலாம்" என்பார்கள். அதைக் கேட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். இரண்டு கணக்கெடுப்புக்கு நடுவிலும் சான்றிதழ் தர, தெருவோர வியாபாரத்தைக் கவனிக்கும் நகர விற்பனைக் குழுவுக்கு அந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு மனு எழுதுங்கள். தரைவாடகைச் சீட்டுகளின் நகலை இணைத்து, ஒப்புகை வாங்காமல் நகராதீர்கள். வாய்வார்த்தையாகக் கேட்டால், கேட்டதற்கே ஆதாரம் இருக்காது. "குழு இன்னும் கூடவில்லை" என்றால் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

சான்றிதழுக்காகக் கொடுக்கும் உறுதிமொழியைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வேறு பிழைப்பு இல்லை, நானோ குடும்பத்தாரோதான் விற்போம், இடத்தை வாடகைக்கு விடமாட்டேன் என்று அதில் இருக்கும். நல்ல தொகை வருகிறதே என்று சீசனுக்கு வெளியூர்க்காரரிடம் இடத்தை விட்டால் சான்றிதழே ரத்தாகலாம்.

தெருவோர வியாபாரிகளுக்கான பிரதமர் ஸ்வநிதி கடனுக்கு, கணக்கெடுப்புப் பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் பேரூராட்சியில் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். முதல் தவணை 15,000 ரூபாய் வரை. வங்கி பிணை கேட்கக் கூடாது. இடைத்தரகருக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

இடம் மாற்ற 30 நாள் நோட்டீஸ் வேண்டும். அதற்குப் பிறகும் சரக்கை எடுத்தால், எடுத்த சரக்குக்குக் கையெழுத்திட்ட பட்டியல் அங்கேயே தர வேண்டும். ஒரு மலையூரில் ஒரு அக்காவிடமிருந்து எடுத்துப்போன மங்குஸ்தான் கூடை திரும்பி வந்தபோது தோலெல்லாம் கல்லாகியிருந்தது, ஒன்றுகூட விற்கவில்லை. கெடுகிற சரக்கைக் கேட்ட அன்றே, மற்றதை இரண்டு வேலை நாளுக்குள் விடுவிக்க வேண்டும் என்பது 19-ஆம் பிரிவு. சரக்கை மீட்கக் கட்டணம் கட்டினால் ரசீது வாங்குங்கள். பட்டியல் தராமல் வண்டியில் ஏற்றினால், ஏற்றும்போதே போனில் படம் எடுத்துவிடுங்கள்.